பழைய அலுமினிய போட்டின் ட்ரான்சம் பலகை மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவியிலும் அம்பாறைப் பக்கத்துக் குளங்களிலும் ஓடுவதில் பெரும்பகுதி பைபர் போட். அலுமினிய போட் குறைவு. ட்ரான்சம் என்பது இஞ்சின் பூட்டும் பின்பக்கச் சுவர். அதைத் திருத்தத் தெரிந்த பட்டறையும் குறைவு. பைபர் போட்டுக்குச் செய்வதையே இதற்கும் செய்துவிடுவதால் புதுப் பலகையும் சீக்கிரம் உக்கிவிடுகிறது. கீழே சொல்லியிருப்பவை 12 முதல் 16 அடி வரையான, றிவெட் அடித்த, பின்பக்கத் தகட்டுக்கு உள்ளே பலகை வைத்த போட்டுகளுக்கு. இஞ்சின் 8 முதல் 40 குதிரைவலு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலகை உக்கிவிட்டதா என்று கழற்றாமலே எப்படிப் பார்ப்பது?

போட்டைக் கரையில் ஏற்றி, இஞ்சினை ஓடும் நிலைக்கு இறக்கிவிடுங்கள். புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் பலமாக ஆட்டுங்கள். இன்னொருவர் உள்ளே நின்று ட்ரான்சத்தின் மேல்விளிம்பைப் பார்க்கட்டும். தகடு நெளிந்தாலோ, மேல்மூடித் தகட்டின் ஓரம் திறந்து மூடினாலோ பலகை போய்விட்டது.

இன்னும் நிச்சயம் வேண்டுமென்றால் உட்பக்கத்தில், அடிக்குக் கிட்ட, 6 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். ட்ரில் பிட்டில் 25 மி.மீ. அளவில் டேப் சுற்றிக்கொண்டால் வெளித்தகட்டைத் துளைத்துவிட மாட்டீர்கள். வெளிறிய, காய்ந்த தூள் வந்தால் நல்லது. கறுத்து, ஈரமாக, சேற்று மணத்தோடு வந்தால் மாற்றத்தான் வேண்டும். மேலே துளைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். மேல்பாதி நன்றாக இருக்க அடிப்பாதி கூழாகிக் கிடப்பதுதான் வழக்கம்.

இஞ்சினைப் பிடிக்கும் கிளாம்ப் திருகை இறுக்கி நாலு நாளில் திரும்பவும் இறுக்க வேண்டியிருக்கிறதா? அதுவும் அடையாளம்தான். திருகு தளரவில்லை, பலகை நசிகிறது.

உப்புத் தண்ணீரால்தானே உக்குகிறது?

இல்லை. உப்பு மரத்தை உக்க வைக்கும் பூஞ்சணத்தைக் கொஞ்சம் தடுக்கும். மரத்தை அழிப்பது மழைத்தண்ணீர். மாரி முழுக்க மூடாமல் மரநிழலில் கிடந்த போட்டின் பலகை, நாளாந்தம் கடலுக்குப் போகும் போட்டின் பலகையைவிட முந்தி உக்கும். உப்பு செய்யும் வேலை வேறு: அது அலுமினியத்தைத் தின்கிறது. ஈரப்பலகை தகட்டோடு ஒட்டிக் கிடக்கும்போது அந்த இடத்துக்குக் காற்றுப் போகாது. காற்றில்லாத இடத்தில் அலுமினியம் தன் மேலுள்ள பாதுகாப்புப் படலத்தைப் புதுப்பிக்க முடியாமல் குழிகுழியாக அரிக்கும். பலகையைக் கழற்றும்போது உள்ளே காணும் வெள்ளை மா அதுதான்.

தண்ணீர் போகும் வழிகள் எப்போதும் ஒன்றுதான்: இஞ்சின் போல்ட் துளை, வடிகால் துளை, மேல்மூடியின் மூட்டு, யாரோ எதையோ பூட்டிவிட்டுக் கழற்றிய பழைய ஸ்குரூ துளை. எவ்வளவு விலையான பலகை போட்டாலும் இந்தத் துளைகளைச் சரியாகச் செய்யாவிட்டால் பயனில்லை. சாதாரணப் பலகை போட்டுத் துளைகளை ஒழுங்காகச் செய்த போட்டு அதைவிட நாள் நிற்கும்.

துளை போட்டு உள்ளே எபொக்சி ஊற்றினால் காணாதா?

காணாது. எபொக்சி இரண்டு பகுதி கலந்தால் இறுகும் பசை; ஈரமரம் அதைக் குடிக்காது. உள்ளே இருக்கும் தண்ணீரைப் பூட்டி வைத்ததாகவே முடியும்.

எந்தக் காலத்தில் செய்வது நல்லது?

கச்சான் காற்று வீசும் மாதங்கள், மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. மரம் காய்வதற்கு அந்தக் காற்றைப்போல வேறொன்றும் உதவாது. ஒக்டோபருக்குப் பிறகு தொடங்கினால் மழை வந்து வேலையை இழுத்தடிக்கும். எபொக்சியும் ஈரப்பதனில் பிசுபிசுக்கும்.

பழைய பலகையை எப்படிக் கழற்றுவது?

முதலில் படம் எடுங்கள், அளவு எடுங்கள். ட்ரான்சத்தின் நடுக்கோட்டை வெளித்தகட்டில் கீறி வையுங்கள். மேல்விளிம்பிலிருந்து அடிக்கட்டை வரை உயரத்தையும் எழுதி வையுங்கள்: குட்டைக்கால் இஞ்சினுக்கு 15 அங்குலம், நெட்டைக்காலுக்கு 20 அங்குலம் என்பது பொது அளவு. புதுப் பலகை ஒரு அங்குலம் உயர்ந்துவிட்டால் புரொப்பெல்லர் திருப்பத்தில் காற்றைப் பிடித்து வெறுமனே சுற்றும்.

இஞ்சின், பெற்றோல் தாங்கி, பற்றரி மூன்றையும் இறக்குங்கள். பிறகு மூலைத்தகடுகள், மேல்மூடி, பலகையை அடிக்கட்டையோடு இணைக்கும் முட்டுத்தகடு. றிவெட் தலையில் சென்டர் பஞ்ச் அடித்து, றிவெட்டின் தண்டைவிட ஒரு சுற்று மெல்லிய பிட்டால் தலையை மட்டும் துளையுங்கள். மிச்சத்தைப் பஞ்சால் தட்டிவிடலாம். பெரிய பிட் போட்டால் தகட்டுத் துளை பெருத்து, புது றிவெட் பிடிக்காது. மேல்மூடி போனதும் பலகை மேல்நோக்கி உருவி வரும். வராவிட்டால் உளியால் துண்டு துண்டாக எடுங்கள். அலவாங்கை வெளித்தகட்டில் முட்டுக்கொடுத்து நெம்பாதீர்கள். அந்தத் தகடு 2 மி.மீ. அளவுதான், ஒருமுறை நெளிந்தால் நேராக்குவது பெரும்பாடு.

உக்கிய துண்டுகளையும் எறியாமல் நிலத்தில் பொருத்தி வையுங்கள், மட்டம், அதாவது அளவு மாதிரி, வெட்ட உதவும். ஆனால் தடிப்பை அதிலிருந்து எடுக்க வேண்டாம், ஊறிய மரம் பருத்திருக்கும். மேல்மூடித் தகட்டின் உள்வாயை அளந்தால் உண்மையான தடிப்புத் தெரியும். சிறிய போட்டுகளில் பெரும்பாலும் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ.

எந்தப் பலகை வாங்குவது? தேக்கா, முதிரையா, பிளைவூட்டா?

மரைன் பிளைவூட். தேக்கும் முதிரையும் நல்ல மரம்தான், ஆனால் ஒரே பலகையாக வைத்தால் நாருக்குக் குறுக்காக விரிந்து சுருங்கும். போல்ட் வரிசையில் வெடிப்பு விழும். தேக்கில் எண்ணெய் இருப்பதால் எபொக்சி பிடிக்கவும் தயங்கும். பிளைவூட்டில் ஒவ்வொரு படையின் நாரும் மாறி மாறிக் கிடப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

மரைன் என்று சொல்லி விற்பதெல்லாம் மரைன் அல்ல. பி.எஸ். 1088 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையும் பொய்யாக இருக்கலாம் என்பதால் ஒரு கைப்பிடித் துண்டை வெட்டி இரண்டு மூன்று மணித்தியாலம் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, திரும்பக் கொதிக்கவையுங்கள். படை பிரிந்தால் அந்தக் கடைக்குத் திரும்பிப் போக வேண்டாம். வெட்டுமுகத்தில் இடைவெளி, ஓட்டை தெரிந்தாலும் வேண்டாம்.

இரண்டு பலகையைக் கண்டிப்பாகத் தவிருங்கள். ஒன்று, கொங்கிறீற் தட்டுக்கு அடிக்கும் பிலிம் ஒட்டிய ஷட்டரிங் பலகை: அந்த பிலிமில் எபொக்சி பிடிக்காது. மற்றது, பூச்சிக்கும் உக்கலுக்கும் மருந்தேற்றிய பச்சைநிறப் பலகை. அந்த மருந்துகள் பலவற்றில் செம்பு இருக்கிறது. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அழிவது அலுமினியம். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று வாங்கியதே தகட்டை ஓட்டையாக்கும்.

எவ்வளவு சாமான் வாங்க வேண்டும்?

ட்ரான்சம் 1.3 மீற்றர் அகலம், அரை மீற்றர் உயரம் என்று வைத்தால் 8க்கு 4 அடிப் பலகை ஒன்று, 18 மி.மீ. தடிப்பில், தாராளமாகக் காணும். இரண்டு துண்டு வெட்டி ஒட்டினால் 36 மி.மீ.; பசையும் பூச்சும் சேர்ந்து 38க்கு வந்துவிடும். எபொக்சி ஒட்ட அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட, மூன்று பூச்சுக்கு முக்கால் கிலோ அளவில், துளைகளுக்கும் விளிம்புக்கும் கால் கிலோ. பாத்திரத்தில் வீணாவதையும் சேர்த்து இரண்டரைக் கிலோ வாங்குங்கள். ஹாட்னர் (எபொக்சியை இறுகவைக்கும் இரண்டாம் பகுதி) மெதுவாக இறுகும் வகையாக இருக்கட்டும். நமது வெப்பத்தில் வேகமானது டின்னுக்குள்ளேயே புகைந்து கட்டியாகும். அதோடு 316 தர ஸ்டெயின்லெஸ் போல்ட், பெரிய வொஷர், நைலோன் புஷ், கடலுக்கான பாலியூரிதேன் சீலன்ட் இரண்டு குழாய், அலுமினிய றிவெட்.

வெட்டி, ஒட்டி, பூசுவதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

அட்டையில் மட்டம் வெட்டி வள்ளத்தில் வைத்துப் பார்த்த பிறகே பலகையைத் தொடுங்கள். ட்ரான்சம் பின்னுக்குச் சாய்ந்திருப்பதால் அடிவிளிம்பை அந்தச் சாய்வுக்கு ஏற்பச் செதுக்க வேண்டும். சதுரமாக விட்டால் பலகை மூலையில் மட்டும் குந்தும். சுற்றிவர 1 முதல் 2 மி.மீ. தளர்வு விடுங்கள், பூச்சு ஏறியதும் அது அடைபடும். விளிம்புகளை மெல்ல உருட்டுங்கள். கூரான விளிம்பில் எபொக்சி நிற்காமல் வழிந்துவிடும்.

பலகை காய்ந்ததா என்று பார்க்க மீன் நிறுக்கும் தராசே காணும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் நிறுங்கள். மூன்று நாள் தொடர்ந்து நிறை மாறாவிட்டால் காய்ந்துவிட்டது.

ஒட்டும்போது இரண்டு முகத்திலும் முதலில் வெறும் எபொக்சியைத் தடவி, மரம் குடிக்க விட்டு, பிறகு சிலிக்கா மா கலந்து தடிப்பாக்கிய எபொக்சியை ஒரு முகத்தில் பல்லுத் தகட்டால் இழுங்கள். தடிப்பானதை நேரே பூசினால் மரம் அதிலிருக்கும் பசையை உறிஞ்சி மூட்டைப் பட்டினி போட்டுவிடும். சேர்த்ததும் மட்டமான தரையில் பொலித்தீன் விரித்து, மேலே பொலித்தீன், அதன்மேல் இன்னொரு பலகை, அதற்குமேல் 50 கிலோ சிமெந்து மூட்டை நாலு. விளிம்பில் சுற்றிவரப் பசை சிறிது பிதுங்க வேண்டும். ஒன்றும் வராவிட்டால் பசை குறைவு. கிளாம்ப் போட்டு வெறித்தனமாக இறுக்கினால் இருக்கும் பசையும் வெளியே வந்துவிடும்.

மறுநாள் விளிம்பைத் தேய்த்து, எல்லாத் துளைகளையும் பூச்சுக்கு முந்தியே போடுங்கள். பூசிய பிறகு துளைத்தால் உள்மரம் திறந்துபோகும்.

பூசுவது பின்னேரம் தொடங்க வேண்டும். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து பூச்சில் குமிழி கட்டும்; குமிழி ஒவ்வொன்றும் நாளைக்கு ஒரு ஊசித்துளை. மரம் ஆறும் நேரத்தில் பூசினால் அது பூச்சை உள்ளே இழுக்கும். வெளியே வைத்துப் பனி விழவிடாமல் கூரைக்குள் வையுங்கள். மூன்று பூச்சு, முந்தியது விரலில் ஒட்டும் நிலையில் இருக்கும்போதே அடுத்தது. இறுகிவிட்டால், அடுத்த பூச்சுக்கு முந்தித் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்த்துண்டும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். மேலே படியும் வழுவழுப்பு தின்னருக்குப் போகாது, தண்ணீருக்குத்தான் போகும். அதை விட்டுப் பூசினால் அடுத்த படை உரிந்து வரும். வெட்டுமுக விளிம்புகளுக்கு ஐந்து பூச்சு என்றாலும் தப்பில்லை. தண்ணீர் குடிப்பது அங்கேதான். பிறகு ஒரு கிழமை ஆறவிடுங்கள்.

கலக்கும் விகிதத்தை டின்னில் உள்ளபடியே அளவுக் குவளையால் அளந்தெடுங்கள். கெதியாக இறுகட்டும் என்று ஹாட்னரைக் கூட்டினால் எபொக்சி இறுகவே இறுகாது.

பைபர் போட்டுக்குப் போடும் றெசின் மலிவு. அதைப் பாவிக்கலாமா?

பாவிக்க வேண்டாம். அது பொலியெஸ்டர். மரத்தில் பிடிப்புக் குறைவு, மரம் அசைய அசைய ஓடுபோல் பிரிந்து வரும். பிரிந்த இடுக்கில் தண்ணீர் நிற்கும். இன்னொன்று: பைபர் வேலையில் பாவிக்கும் வெட்டிழை மட்டை (துண்டு இழைகளைச் சேர்த்த விரிப்பை) எபொக்சியோடு போட்டால் சரியாக நனையாது. அந்த மட்டின் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை பொலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்தது. பலகைக்கு மேல் இழை வேண்டுமென்றால் சதுர மீற்றருக்கு 200 கிராம் அளவுள்ள நெய்த துணி ஒரு படை.

அப்படியும் பொலியெஸ்டர்தான் என்று முடிவெடுத்தால் ஒன்றை மறக்கக் கூடாது: ஹாட்னரையும் கோபாற்றையும் (றெசின் விரைவாக இறுகச் சேர்க்கும் திரவம்) நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும். ஒன்றை றெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றது.

உள்தகட்டில் குழியும் ஊசித்துளையும் இருக்கின்றன. வெல்டிங் பண்ணலாமா?

குழி மட்டும் என்றால் ஸ்டெயின்லெஸ் பிரஷால் வெள்ளை மாவைச் சுரண்டி, 80ஆம் நம்பர் தாளால் தேய்த்து, அசிற்றோனால் துடைத்து, எபொக்சிப் புட்டி வையுங்கள். தேய்த்த ஒரு மணித்தியாலத்துக்குள் வைத்துவிடுங்கள். அலுமினியத்தில் புதுப் படலம் உடனே கட்டத் தொடங்கும். இரும்பு தேய்த்த பிரஷையோ கிறைண்டர் தட்டையோ இதில் பாவித்தால் இரும்புத்தூள் தகட்டில் பதிந்து புது அரிப்புக்கு வித்திடும்.

ஊசித்துளை விரலளவு இடத்துக்குள் என்றாலும் புட்டி காணும். அதைவிடப் பரந்தால் 5052 அல்லது 5083 தர அலுமினியத் துண்டை, சீலன்ட் வைத்து, வாய்மூடிய றிவெட்டால் அடியுங்கள். சாதாரண பொப் றிவெட்டின் நடுவில் ஓட்டை உண்டு, தண்ணீர் அதால் வரும். நடுக்கம்பி இரும்பாக இருந்தால் துருவும் பிடிக்கும். வெல்டிங் கடைசி வழி. மெல்லிய தகடு வெப்பத்தில் நெளியும், பக்கத்து றிவெட்டுகளின் சீலன்ட் எரிந்து புது ஒழுக்குத் தொடங்கும். ரிக் (TIG) வெல்டிங் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள், பலகையும் தாங்கியும் வெளியே இருக்கும்போது மட்டும்.

போல்ட் துளைகளை எப்படிச் செய்தால் தண்ணீர் போகாது?

12 மி.மீ. போல்ட் என்றால் பலகையில் 20 மி.மீ. துளை போடுங்கள். ஒரு பக்கத்தை டேப்பால் அடைத்து, உள்சுவரில் வெறும் எபொக்சி தடவி, தடிப்பான எபொக்சியால் நிரப்புங்கள். ஒரே ஊற்றில் நிரப்பினால் சூடேறி வெடிக்கும், இரண்டு தடவையாகச் செய்யுங்கள். இறுகிய பிறகு நடுவில் போல்ட்டுக்கான துளை. இப்போது சீலன்ட் ஒருநாள் பிழைத்தாலும் தண்ணீர் தொடுவது எபொக்சிக் குழாயைத்தான், மரத்தையல்ல.

வெளித்துளையின் வாயை மெல்லச் சரித்துவிடுங்கள். சீலன்ட் அந்தப் பள்ளத்தில் வளையமாக நிற்கும். சரிவில்லாத துளையில் வொஷர் இறுக எல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிடும். ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் தொடாமலிருக்க நைலோன் புஷ்ஷும் நைலோன் வொஷரும் போடுங்கள். இறுக்கும்போது போல்ட் தலையை ஒருவர் அசையாமல் பிடிக்க, நட்டை மட்டும் சுற்றுங்கள். தலை சுற்றினால் வைத்த சீலன்ட் அறுந்துபோகும். வொஷர் பலகைக்குள் புதையத் தொடங்கும் முன்னமே நிறுத்திவிடுங்கள். கிளாம்ப் திருகு அமரும் உட்பக்கத்துக்கு 3 மி.மீ. அலுமினியத் தட்டு ஒன்று வையுங்கள்.

பலகையைத் தகட்டோடு சுற்றிவர ஒட்டிவிட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நமது தெரிவு அதுவல்ல. மேலேயும் துளைகளிலும் சீலன்ட், அடிவிளிம்பு திறந்தபடி. எப்படியாவது உள்ளே போகும் தண்ணீர் கீழால் வடியட்டும்.

சிலிக்கன் போட்டால் என்ன?

வினாகிரி மணம் வரும் சிலிக்கன் அலுமினியத்தை அரிக்கும். பிடிப்பும் நாளடைவில் விடும். பிறகு அந்த இடத்தில் பெயின்ரும் பிடிக்காது, வேறு சீலன்டும் பிடிக்காது.

வடிகால் குழாய் பித்தளையில் இருக்கிறது. அப்படியே திரும்பப் போடலாமா?

வேண்டாம். பித்தளையிலும் செம்பு உண்டு. பிளாஸ்டிக் அல்லது அலுமினியக் குழாய் போடுங்கள், அந்தத் துளையையும் மேலே சொன்னபடி எபொக்சியால் வரிந்து.

ஒழுக்கைத் தண்ணீரில் இறக்காமல் பார்க்கலாமா?

போட்டை அடிக்கட்டை நெடுக முட்டுக்கொடுத்து நிறுத்தி, உள்ளே தண்ணீர் விடுங்கள். பத்து சென்ரிமீற்றர் உயரத்துக்கு விட்டாலே 350 கிலோவுக்கு மேல் வரும், ஆகவே இரண்டு கட்டையில் மட்டும் வைத்து நிரப்பக் கூடாது. அரை மணித்தியாலம் கழித்து வெளியே ஈரம் தெரியும் றிவெட்டை மார்க்கரால் வட்டமிடுங்கள். தளர்ந்த றிவெட்டை உள்ளே இரும்புக்கட்டை பிடித்து வெளியே சுத்தியலால் தட்டி இறுக்கலாம்.

வாவிக்கு எந்த அனோட் (போட்டின் தகட்டுக்குப் பதிலாகத் தான் கரையும் உலோகத்துண்டு) போடுவது?

வாவித் தண்ணீர் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி இல்லை. மாரியில் நன்னீர்போல, கோடையில் முகத்துவாரப் பக்கம் கடல்போல. இந்தக் கலப்புத் தண்ணீருக்கு அலுமினிய அனோட் பொருத்தம். சிங்க் கடலுக்குச் சரி, நன்னீரில் படை பிடித்து வேலை செய்யாமல் விடும். சேனாநாயக்க சமுத்திரம் போன்ற குளத்தில் மட்டும் ஓடும் போட்டுக்கு மக்னீசியம். ஆனால் அந்த போட்டை ஒருநாள் பாசிக்குடாப் பக்கம் கொண்டுபோவதென்றால் முதலில் அதைக் கழற்றுங்கள், உப்பில் மிக விரைவாகக் கரைந்துவிடும். அனோட்டுக்கு மேல் பெயின்ற் அடிக்கக் கூடாது.

பாசி பிடிக்காத பெயின்ற் வாங்கும்போது செம்பு கலந்ததைத் தவிருங்கள். போட்டின் அடியில் மறந்துபோன ஒரு செப்புக் கம்பித் துண்டும் காலப்போக்கில் தகட்டைத் துளைக்கும்.

புதுப் பலகை பலமாக இருக்கிறது. 15க்குப் பதிலாக 40 குதிரைவலு இஞ்சின் பூட்டலாமா?

பூட்ட முடியாது. போட்டின் அளவுத்தகட்டில் எழுதியிருப்பதே எல்லை. பலகை தாங்கினாலும் அதன் பாரத்தை வாங்கும் முட்டுத்தகடும் பக்கத்தகடும் பழையவைதான்.

இதே முறை பைபர் போட்டுக்கும் சரிவருமா?

துளை செய்யும் முறையும் பூச்சும் சரிவரும். ஆனால் அங்கே பலகை தளர்வாக நிற்காது. உட்தோலை வெட்டி எடுத்து, பலகையை வெளித்தோலோடு முழுதாக ஒட்டி, மூலைகளைப் புட்டியால் உருட்டி, பக்கச்சுவர்மேல் 15 சென்ரிமீற்றராவது ஏறும்படி இழை போட்டுக் கட்ட வேண்டும். பலம் அந்த இழையில்தான் இருக்கிறது.